இரண்டாம் நாளுக்கு நாலு தலையணை

கண்டிக்குப் போகலாம் என்று மொனிட்டர் எழுதிய அடுத்த நிமிடமே எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டீர்கள். நான் மட்டும் மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மொனிட்டராக இருந்தவள் நமது வாட்ஸ்அப் குழுவிலும் மொனிட்டர்தான், விடமாட்டாள். மலிவான லொட்ஜுகளாகத் தேடி ஐந்து படம் போட்டிருக்கிறாள். வாவிக்குப் பத்து நிமிட நடை, சுடுதண்ணீர் உண்டு, காலையில் பாணும் முட்டையும் ரூம் காசுக்குள்ளேயே அடங்கும், படி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்த்தட்டு. அதற்கும் கீழே, "எத்தின பேர் நிக்கிறீங்க எண்டு சரியாச் சொல்லுங்க புள்ளையள், பொறகு மாத்த ஏலா" என்று எழுதி, என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி. மூட்டுக்கு எண்ணெய் பூசாமல் தொழுகைக்கு எழும்ப முடியாத வயதிலும் நாம் புள்ளையள்தான்.

பெயர் கொடுக்காததற்குக் காரணம் காசும் இல்லை, மூட்டும் இல்லை. அந்த ஒரு சொல்தான். நிக்கிறது. நமது ஊரில் அது காலில் நிற்பது மட்டும் இல்லையே. ஒருவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினாலும் நிற்பதுதான், ஆயுசுக்கும் இருந்துவிட்டாலும் நிற்பதுதான். எனக்குப் பதினொரு வயதில் என் வீட்டுப் பெரியவர்கள் அந்தச் சொல்லை வைத்து ஒரு காரியம் செய்தார்கள். நாங்கள் ஐந்து பேர் கண்டிக்குப் போய் ஒரு மலிவு லொட்ஜில் இரண்டு ராத்திரி தங்கினோம். எங்கள் ஊர் தில்லையடிக்குத் திரும்பி வந்தது நாலு பேர். என் தங்கச்சியை மாமிக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டு வந்தார்கள். லொட்ஜுக்கு ரூம் கேட்டுக் கடிதம் எழுதியது நான்.

அவள் கண்டி மாமியிடம் வளர்ந்தாள் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். எப்படிப் போனாள் என்பது தெரியாது. எனக்கே முழுக்கத் தெரிந்தது போன வெள்ளிக்கிழமைதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வாப்பா கருவாட்டு வியாபாரி என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மறக்க நான் விட்டதில்லை, என் புத்தகப் பையே மணக்கும். முற்றம் முழுக்கப் பாய் விரித்து சீலாவும் கட்டாவும் காயும். களப்புக் காற்று ஒரு பக்கமிருந்து உப்பைக் கொண்டுவரும், மறுபக்கம் தெருக் கழுதைகள் வேலிக்குள் தலையை விட்டுப் பாயின் ஓலையைத் தின்னும். கழுதையைத் துரத்துவது எனக்கு மூத்தவர், நானாவுடைய வேலை, காகத்தைத் துரத்துவது என்னுடையது. தங்கச்சிக்கு ஒரு வேலையும் இல்லை. அவளுக்கு ஆறு வயது, பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. இழுப்பு வந்தால் படுக்க முடியாது. இரண்டு தலையணையை அடுக்கி, அதில் சாய்த்துத்தான் வைப்பார் உம்மா. பக்கத்தில் படுக்கும் எனக்கு அவளுடைய நெஞ்சு விசிலடிப்பது விடியும் வரை கேட்கும்.

மாதத்தில் ஒரு தடவை வாப்பா சாக்குகளோடு கண்டிக்குப் போவார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு லொட்ஜில்தான் தங்குவார். சட்டையெல்லாம் கருவாட்டு வாடை என்பதால் லொட்ஜ்காரர் அவருக்கு எப்போதும் கடைசி ரூமைத்தான் கொடுப்பாராம். அதைச் சொல்லி வாப்பாவே சிரிப்பார்.

அந்த வருடம் ஓகஸ்ட் லீவுக்கு முந்தின மாதம் ஒருநாள், "இந்த லீவுக்கு எல்லாரும் கண்டிக்குப் போவம்" என்று அவர் சொன்னபோது எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. ராசாவின் மாளிகை, வாவி, பேராதனைப் பூந்தோட்டம். ராத்திரி ஹோட்டலில் நிற்பது. பெரஹரா ஊர்வல நாளில் ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் நெருப்பு விலை, அதனால் பெரஹரா முடிந்த கிழமை போவோம், அப்போது மலிவு என்று வாப்பா கணக்குப் போட்டார். நான் பள்ளிக்கூடத்தில் வந்து ஹோட்டலில் நிற்கப் போகிறோம் என்று பீற்றிக்கொண்டேன். உங்களில் ஒருத்தி, பெயர் சொல்லமாட்டேன், அவளுடைய வாப்பா ஹோட்டல் வைத்திருந்தார், "ஹோட்டல்ல நிக்கிறதா? எங்கட ஹோட்டலுக்கு வாங்க, பிளேன்டீ குடிச்சிட்டு மர வாங்கில படுங்க" என்று வகுப்பையே சிரிக்க வைத்தாள். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடைதானே. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கேட்டேன். "அது லொட்ஜ், மகள். படுக்கிற எடம்" என்றார்.

ஒரு விஷயம் எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. கண்டியில்தான் வாப்பாவுக்கு மூத்தவர், அவருடைய சொந்த ராத்தா இருந்தார், எங்கள் மாமி. மாமாவுக்குப் பிடவைக் கடை, மேட்டில் பெரிய வீடு, பிள்ளை குட்டி கிடையாது. அப்படி ஒரு வீடு இருக்க, தீப்பெட்டிக் குச்சியைக்கூடப் பாதியாகப் பிளந்து பாவிக்கிற வாப்பா ஏன் குடும்பத்தோடு காசு கொடுத்து லொட்ஜில் நிற்கவேண்டும்? இதை நான் அவரிடம் கேட்டது கல்யாணம் முடித்து எனக்கே பிள்ளை பிறந்த பிறகு. அப்போது அவர் படுக்கையில் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "குடுக்கப் போற ஊட்டில பெத்தவள் ஒரு ராத்திரி படுத்தா, புள்ள உடாது." எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். எல்லாம் யோசித்தவர்கள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கடிதம் எழுதிய நாளை இப்போதும் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வாப்பா தொப்பியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். நான் மேசையில். கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் வீட்டில் எந்தக் கடிதமென்றாலும் நான்தான். அந்த லொட்ஜில் ஒரு முறை உண்டு. ரூமுக்கு ஒரு விலை, பிறகு தலைக்கு ஒரு பாய், ஒரு தலையணை என்று தனியாகச் சேரும். அதனால் எத்தனை தலை என்று முதலே எழுதியாக வேண்டும். வாப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மொத நாளைக்கு அஞ்சு பேருக்குப் பாயும் தலகாணியும். ரெண்டாம் நாளைக்கு நாலு பேருக்கு."

தங்கச்சி மேசை விளிம்பில் நாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்ட அப்போதுதான் பழகியிருந்தாள், இலக்கம் நன்றாகத் தெரியும்.

"ராத்தா, ஏன் நாலு?"

நான் பேனையை எடுக்காமலே, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒன்ன அங்க உட்டுட்டு வரத்தான்."

அறை வாசலில் உம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு கையை விட்டுப் போய் அரிசி முழுக்கச் சீமெந்துத் தரையில் கொட்டியது. வாப்பா, "என்ன கத இது, வாயப் பொத்து" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவர் பிள்ளைகளிடம் சத்தம் போடுகிறவர் இல்லை. அரிசி கொட்டியதற்குத்தான் கோபம் என்று நினைத்து, நானும் தங்கச்சியும் மண்டியிட்டு ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினோம். உம்மா பொறுக்க வரவில்லை, கிணற்றடிக்குப் போய்விட்டார். பிள்ளை சொன்ன பகிடி மெய்யாகப் போகிறது என்று தெரிந்தும் இரண்டு பெரியவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அந்த நாலு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாளுக்கு ஒரு தலையணைக் காசை மிச்சம் பிடிக்கிறார் வாப்பா, சின்னவள்தானே, யாருடனாவது ஒட்டிக்கொண்டு படுக்கட்டும் என்று கணக்குப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஆனால் குளிரில் அவளுக்கு இழுப்பு வந்தால் எதில் சாய்ப்பது? அன்று பின்னேரம் நல்ல தாளில் திருப்பி எழுதும்போது இரண்டு நாளுக்கும் ஐந்து என்றே எழுதி, உறையை ஒட்டி, நானே தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கிழமையில் தபாலட்டை வந்தது. கடிதம் கிடைத்தது, வாருங்கள், அவ்வளவுதான். இலக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு உம்மா தையல் மெஷினை விட்டு எழும்பவில்லை. கடைசியில் எண்ணிப் பார்த்தால் தங்கச்சிக்கு ஏழு சட்டை. மஞ்சளில் ஒன்று, பூப்போட்டது இரண்டு, கழுத்தில் றேந்தைப் பின்னல் வைத்தது ஒன்று, கம்பளித் துணியில் முழுக்கை ஒன்று. எனக்கு ஒன்றே ஒன்று, அதுவும் மிச்சத் துணியில். "ரெண்டு நாள் பயணத்துக்கு அவளுக்கு ஏழு சட்டையா? நான் என்ன, கழுதைக்குப் பொறந்தவளா?" என்று கத்தினேன். உம்மா பளாரென்று கன்னத்தில் அறைந்தார். அறைந்துவிட்டு அவரே அழுதார். எனக்கு வலித்ததைப் பார்த்து அழுகிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் குருணாகல் வரை நானாவுக்கும் எனக்கும் ஜன்னல் சண்டை. உம்மாவின் மடியில் தங்கச்சி. பாணுக்குள் மாசிச் சம்பல் வைத்து வாழை இலையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். மாமிக்கென்று கட்டிய சீலாக் கருவாட்டுப் பொட்டலத்தைக் கொண்டக்டர் பின்சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டு, எங்களை முறைத்துக்கொண்டே வந்தார். கண்டியில் இறங்கியபோது பின்னேரம், தூறல், எனக்குப் பல் கிட்டியது. உப்புக் காற்றில் பிறந்த பிள்ளைகள், அந்த மாதிரிக் குளிரை அறிந்ததில்லை.

லொட்ஜின் மரப்படி ஏறும்போதே கிறீச்சிடும். வாப்பாவின் அதே கடைசி ரூம். லொட்ஜ்காரர் கட்டைச் சாரம் உடுத்திய வயதான மனிதர். ஐந்து தலையணையையும் நாடி வரை அடுக்கி, அதன் மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். நீலக் கோடு போட்ட பருத்தி உறை, இலவம் பஞ்சு, பூச்சி உருண்டை வாசம். வேறு யாரோ தலையில் வைத்த எண்ணெய் வாசமும் இருந்தது. உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை உறைகளைப் போட்டார். அன்றைக்குத் தங்கச்சிக்கு இழுப்பு வந்தது. உம்மா தன் தலையணையையும் அவளுக்கே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து இருந்தபடியே விடிய விட்டார். இவ்வளவு குளிருக்கு இவ்வளவு இழுப்பு வருகிற பிள்ளையை அந்தக் குளிரிலேயே விட்டுவிட்டு வர அவர்களுக்கு எப்படி மனம் வந்தது? கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் அவளுக்கு ஆகாது, மலைக் காற்று நல்லது என்று யாரோ சொன்னார்களாம். உண்மை அதுவல்ல. மூன்று பிள்ளையைச் சுமந்து மூன்றையும் பறிகொடுத்த மாமிக்கு, "அடுத்தது எனக்குப் பொறந்தா அது ஒங்களுக்கு" என்று வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அடுத்ததுதான் இவள். உம்மாவைக் கேட்டுக்கொண்டு கொடுத்த வாக்கு இல்லை அது.

மறுநாள் காலையில் பேராதனை. மத்தியானம் மாமி வீட்டில் புரியாணி, வட்டிலப்பம். மாமி தங்கச்சியைத் தூக்கினார், இறக்கவே இல்லை. மேல்மாடியில் ஒரு சின்ன அறையை எங்களுக்குக் காட்டினார். சின்னக் கட்டில், இளஞ்சிவப்பு நுளம்பு வலை, கண்ணை மூடித் திறக்கும் பொம்மை.

"ஆருக்கு மாமி இது?" என்று கேட்டேன்.

"வார புள்ளைக்கு" என்றார் மாமி. அவருக்குத்தான் பிள்ளை பிறக்கப்போகிறது என்று நினைத்து நான் நானாவிடம் போய் ரகசியம் சொன்னேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா எழும்பினார். "தங்கச்சி ரெண்டு நாள் மாமிட ஊட்டில நிக்கட்டும். ஓம்தானே மகள்?" என்றார். பொம்மையை மடியில் வைத்திருந்தவள் தலையை ஆட்டினாள். உம்மா அதற்கு முதலே படி இறங்கிவிட்டார். மாமிக்கு சலாம் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவளுடைய சட்டைகள் இருந்த பையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வருகிறாரே என்று ஓடிப்போய் எடுக்கப் போனேன். வாப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

லொட்ஜுக்கு வந்து மஃரிப் தொழுது முடிந்த நேரம், லொட்ஜ்காரர் படியேறி வந்தார். நாடி வரை அடுக்கிய ஐந்து தலையணை.

"நாலுதானே நாங்க சொன்ன" என்றார் வாப்பா.

"இல்லையே தொரை. கடுதாசில ரெண்டு நாளைக்கும் அஞ்சு எண்டுதானே ஈக்கு." அவர் கீழே போய், கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதத்தை உருவிக்கொண்டு வந்து விளக்கடியில் பிடித்தார். என் முத்துமுத்தான எழுத்து. வாப்பா அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி நிச்சயம் என்று நான் கதவு மூலைக்குள் போய்விட்டேன். அவர் அடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. "வெச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். உம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

பஸ்ஸில் திரும்பும்போதும் நான் நம்பிக்கொண்டுதான் வந்தேன். இரண்டு நாளில் மாமா கூட்டிக்கொண்டு வருவார். இரண்டு நாள் ஒரு கிழமையாகி, லீவும் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று தங்கச்சியின் டீச்சரிடம் போய், அவள் இன்னும் கண்டியிலிருந்து வரவில்லை, வரவு இடாப்பில் பெயரை வெட்டிவிடாதீர்கள் என்று சொன்னேன். டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தங்கச்சிட பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்த வாப்பா லீவுக்கு முன்னமே வாங்கிட்டுப் போயிட்டாரே புள்ள. ஒனக்குத் தெரியாதா?"

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அது எனக்கு அந்த விறாந்தையில்தான் விழுந்தது. மணி அடித்ததும் தெரியாது, வகுப்புக்குப் போனதும் தெரியாது. வீட்டுக்கு ஓடினேன். உம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"உம்மா, தங்கச்சி எப்ப வருவாள்?"

"அவள் அங்க நிக்கிறாள்."

"எத்தின நாளைக்கு?"

"நிக்கிறாள் எண்டா நிக்கிறாள்தான்" என்றார் உம்மா, கையை நிறுத்தாமல். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

அடுத்த வருடம் அவள் மாமா மாமியோடு பெருநாளைக்கு வந்தாள். கம்பளிச் சட்டை, சப்பாத்து, கன்னத்தில் சதை. உம்மாவைப் பார்த்து, "ஸலாமுன் அலைக்கும் மாமி" என்றாள். அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உம்மா பதில் ஸலாம் சொல்லி, விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த தங்கக் கரை போட்ட கோப்பையில் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அந்தக் கோப்பையை வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் தொட்டதில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி நின்றது கிடையாது. என் கல்யாணத்துக்கு வந்தாள், பின்னேர பஸ்ஸில் போய்விட்டாள். வாப்பா மௌத்துக்கு வந்தாள், உம்மா மௌத்துக்கு வந்தாள், இரண்டு தடவையும் அடக்கம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டாள். "நிக்க ஏலா ராத்தா, வேல ஈக்கு" என்பாள். சண்டை இல்லை, முகம் சுளிப்பது இல்லை, பிறந்தநாளைக்குப் பிள்ளைகளுக்குச் சட்டை அனுப்புவாள். பெற்றவர்கள் மேல்தான் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கும் அதே கோபம்தானே, நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் என்று நினைத்திருந்தேன்.

மொனிட்டர் படம் போட்ட அன்று, கண்டியில் இருப்பவளைக் கேட்டால் நல்ல இடம் சொல்வாளே என்று படங்களை அவளுக்கு அனுப்பிவிட்டுப் போன் எடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"ஒம்பது பேர், ரெண்டு நாள் நிக்கிறம். மலிவா, துப்புரவா ஒரு எடம் சொல்லு" என்றேன்.

"அது ஒங்களுக்குத்தானே நல்லாப் பழக்கம் ராத்தா" என்றாள். "எத்தின தலகாணி வேணும் எண்டு கடுதாசி எழுதினது நீங்கதானே."

பகிடி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்கு எல்லாம் தெரியும். மொத நாளைக்கு அஞ்சு, ரெண்டாம் நாளைக்கு நாலு. எனக்குச் சொன்னீங்களே, ஒன்ன உட்டுட்டு வரத்தான் எண்டு."

"அது பகிடிக்குச் சொன்ன. அல்லாஹ் மேல ஆணையா எனக்கு ஒண்டும் தெரியாது."

"அப்ப மாமி ஊட்டுப் படியில சொன்னது?"

"என்ன சொன்ன?"

"எல்லாரும் எறங்கிப் போன பொறகு நான் ஒங்கட கையப் புடிச்சிக் கேட்டன். ராத்தா, கடுதாசில எழுதினது மெய்யா எண்டு. நீங்க சிரிச்சிக்கிட்டு, மெய்தான், நீ இனி இங்கதான் நிக்கப் போற எண்டு சொல்லிட்டு எறங்கி ஓடினீங்க. நான் அழல்ல. அழுதா நீங்க பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லுவீங்க."

சத்தியமாக அது எனக்கு ஞாபகத்தில் இல்லை. பேராதனையில் பார்த்த மூங்கில் ஞாபகம் இருக்கிறது, வட்டிலப்பத்தில் கிடந்த கஜு ஞாபகம் இருக்கிறது, லொட்ஜ்காரரின் சாரத்தில் இருந்த கட்டம் ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. ஆனால் அவள் சொன்னதும் அது நான்தான் என்று தெரிந்துவிட்டது. அது நான் பேசுகிற பேச்சுத்தான். விளையாட்டு வினையாகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! இத்தனை வருடமும் அவள் மனதில் அவளை விட்டுவிட்டு வந்தது வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. நான்.

அவளிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நாலு என்று நான் அனுப்பவில்லை, ஐந்து என்று மாற்றி எழுதினேன், உனக்கு இழுப்பு வந்தால் சாய்க்க ஒன்று வேண்டுமே என்றுதான். இரண்டாம் நாளும் ஐந்து தலையணை வந்தது, வாப்பா கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார் என்றும் சொன்னேன். சாட்சிக்கு ஆள் இல்லை. வாப்பா, உம்மா இருவரும் மௌத்து. நானாவைக் கேட்டால் வாவியில் பெரிய மீன் பார்த்தது மட்டும்தான் ஞாபகம் என்பார். அந்தக் கடிதம் எந்தக் கம்பியில் துருப்பிடித்துப் போனதோ.



"அப்ப ரெண்டாம் நாளைக்கு அந்தத் தலகாணியில ஆரு படுத்த?" என்றாள்.

உம்மா அதைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தொடவில்லை, அது உன் இடத்திலேயே விடியும்வரை கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் என் வாயில் வந்தன. ஏற்கனவே அவளிடம் இரண்டு தடவை வாய்க்கு வந்ததைச் சொன்னவள் நான்.

"நான்தான்" என்றேன். "ரெண்டையும் அடுக்கி வெச்சிட்டுப் படுத்தன்."

"நல்லா நித்திர வந்ததா?"

"ஓம்" என்றேன். வந்தது. வீட்டில் எனக்கு எப்போதும் மெல்லிய, கட்டி விழுந்த தலையணைதான். நல்லது இரண்டும் அவளுக்கு. வாழ்க்கையில் முதல் தடவை இரண்டு தலையணை, பக்கத்தில் விசில் சத்தமும் இல்லை. அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். அதைச் சொல்லிவிட்டு, ஐம்பத்தாறு வயதுக் கிழவி, போனைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அவள் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். சாமான் பட்டியல் சொல்கிற குரலில், வாவிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மூன்றாவது படத்து லொட்ஜ் பரவாயில்லை, ஆனால் கீழ்த்தட்டில் ஈரம், மேலே கேளுங்கள் என்றாள். போனை வைக்கப் போகும்போதுதான் சொன்னாள்: "ரெண்டாம் நாளைக்கு ஒங்கட ரூமுல எனக்கும் ஒரு தலகாணி சொல்லுங்க ராத்தா. நான் வந்து நிக்கிறன்."

ஆகவே மொனிட்டர், என் கேள்விக்குறியை எடுத்துவிடு, நான் வருகிறேன். முதல் நாளைக்கு ஒன்பது பேர். இரண்டாம் நாளைக்குப் பத்து. எண்ணிப் பார்த்துவிட்டு, பிழை என்று யாரும் திருத்திவிடாதீர்கள்.